மிஞ்சிய காலைக் காப்பது

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். எழுவான்கரையிலும் சரி, படுவான்கரையிலும் சரி, தோணி ஒதுங்கும் இடமெல்லாம் வலை காயும்; வலை காயும் இடமெல்லாம் ஊர்க்கோழி கிளறும். வலையில் ஒட்டிக்கிடக்கும் கூனியும் மீன்துணுக்கும் குஞ்சுகளுக்கு நல்ல தீன். ஆபத்தும் அங்கேதான் கிடக்கிறது. அறுத்தெறிந்த தங்கூசி நைலோன் இழைத் துண்டொன்று குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் அது இற்றுப்போகாது, இளகியும் கொடுக்காது. குஞ்சு வளர்கிறது, கால் தடிக்கிறது, இழை மட்டும் அப்படியே இருக்கிறது. முதலில் இரத்தம் திரும்பிவரும் நாளம் நெரிபட்டுப் பாதம் வீங்கும். பிறகு இரத்தம் போகும் நாடியும் அடைபடும். பாதம் குளிர்ந்து, கறுத்து, காய்ந்துவிடும்.

இது வாவிக்கரைக்கு மட்டும் உரிய துன்பம் அல்ல. பரிஸ் நகரத்துப் புறாக்கள் ஏன் விரல் இழக்கின்றன என்று பிரான்சின் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஃபிரெடெரிக் ஜிகேயும் சகாக்களும் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். சிகையலங்கார நிலையங்கள் கூடுதலாக உள்ள பகுதிகளில் விரலிழந்த புறாக்களும் கூடுதலாக இருக்கும் போக்கு தெரிந்தது. வெட்டி விழும் தலைமயிர் காலைச் சுற்றுகிறது என்பது அவர்கள் கணிப்பு. அங்கே மயிர், இங்கே தங்கூசி.

பாதம் சூடாக இருந்து, கிள்ளினால் இழுத்துக்கொள்ளும்வரை இழையை எடுத்தாலே கால் தப்பிவிடலாம். பாதம் செத்துவிட்டால் காலை வெட்டவேண்டி வரும். ஆனால் காயமே இல்லாமல் கால் துவண்டால் கதை வேறு. இராணிக்கெட், மரெக் போன்ற நோய்களும் காலை விழுத்தும். அவற்றுக்கு வெட்டு மருந்தாகாது. எதுவென்று பிரித்துச் சொல்லப் பிரதேச அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் மிருக வைத்தியர் இருக்கிறார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டுமே அவரிடம் போவது என்ற பழக்கத்தை நாம் விடவேண்டும்.

வெட்டை வீட்டில் செய்யக்கூடாது. 300 கிராம் குஞ்சின் உடம்பில் உள்ள மொத்த இரத்தம் ஐந்து தேக்கரண்டிக்குள் அடங்கும். ஒரு தேக்கரண்டி சிந்தினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது என்று பொருள். மரத்துப்போகப் போடும் லிக்னோகெயின் மருந்தும் இத்தனை சிறிய உடம்பில் ஒரு துளி கூடினால் நஞ்சாகிவிடும்.

எந்த இடத்தில் வெட்டுவது என்பதும் சிறிய கேள்வி அல்ல. கோழியின் காலில் பின்பக்கம் மடிவதுபோலத் தெரியும் மூட்டை நாம் முழங்கால் என்று நினைக்கிறோம், அது கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கிறது. கணுவுக்குக் கீழே செதில்தோல், தசைநாண், எலும்பு தவிர வேறொன்றும் பெரிதாக இல்லை. அழுகிய பகுதியை மட்டும் நறுக்கி நீளமாக விட்டால் குஞ்சு அந்த முனையை ஊன்றப் பார்க்கும். மூடிக்கொள்ளத் தசை இல்லாத எலும்பு நிலத்தில் இடிபட்டு மறுபடி மறுபடி புண்ணாகும். அதனால்தான் பறவை மருத்துவர்கள் பெரும்பாலும் தொடையெலும்பிலேயே துண்டிக்கிறார்கள். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் அங்கேதான் தசையை மடித்து எலும்பின்மேல் போர்த்தித் தைக்கமுடியும்.

செயற்கைக் கால் பொருத்தலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 2016இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் சிசிலி என்ற இளம் கோழிக்கு டஃப்ட்ஸ் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் காலைத் துண்டித்து, முப்பரிமாண அச்சில் செய்த கால் பொருத்தினார்கள். செலவு ஏறத்தாழ 2,500 டொலர். வளரும் குஞ்சுக்கு அந்தக் கால் சில வாரங்களில் அளவில்லாமல் போய்விடும் என்பதே என் தயக்கம். நம் ஊர்க்கோழி எடை குறைந்த இனம். சரியாகப் பார்த்தால் ஒற்றைக்காலில் வாழக் கற்றுக்கொள்ளும். கொழுத்த இறைச்சிக்கோழிக்கு அந்த நம்பிக்கையை நான் கொடுக்கமாட்டேன். நாளுக்கு நாள் ஏறும் அதன் எடையை ஒரு பாதம் தாங்காது. தீன் தொடாமல், எழும்பாமல், வலியில் கண்மூடிக் கிடக்கும் குஞ்சை மிருக வைத்தியர் கையால் வலியின்றிப் போகவிடுவதும் பராமரிப்பில் சேர்ந்ததே.

கோழிக்கு வலி தெரியாது என்ற பேச்சை அறிவியல் எப்போதோ தள்ளிவிட்டது. 2000ஆம் ஆண்டில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் நொண்டும் இறைச்சிக்கோழிகளுக்கு இரண்டு நிறத் தீன் வைத்தார்கள். ஒன்றில் கார்புரோஃபென் என்ற வலிநிவாரணி கலந்திருந்தது. நொண்டும் கோழிகள் மருந்துத் தீனைத் தேடித் தின்றன. நொண்டல் கூடக்கூட அதைத் தின்ற அளவும் கூடியது. ஆகவே சத்திரசிகிச்சைக்குப் பின் வலிமருந்தைக் கேட்டு வாங்குங்கள். மனிதருக்கான குளிசையை உடைத்துக் கொடுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு பெட்டிதான் வார்ட். மார்பை இறுக்கிப் பிடித்துத் தூக்கவேண்டாம். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பொரித்த முதல் வாரத்தில் குஞ்சுக்கு 32 முதல் 35 பாகை சூடு தேவை. வாரத்துக்கு மூன்று பாகை அளவில் குறைக்கலாம். இறகு முழுதாக முளைத்த குஞ்சுக்கும் சத்திரசிகிச்சை முடிந்த முதல் நாட்களில் பெட்டியின் ஒரு மூலையில் மின்குமிழின் சூடு நல்லது. சூடு கூடினால் விலகிப்போக மறுமூலை இருக்கவேண்டும்.

காயத்தில் சீழ் வடியவில்லை என்று ஆறுதலடையவேண்டாம். பறவையின் வெள்ளணுக்களில் திசுவைக் கரைத்து நீராக்கும் நொதிகளில் சில இல்லாததால், அதன் சீழ் மஞ்சள் கட்டியாக உறைந்து உள்ளேயே கிடக்கும். வீக்கம், சூடு, நாற்றம் மூன்றையும் தினமும் பாருங்கள். கழுவுவதற்கு ஒரு லீட்டர் கொதித்தாறிய நீரில் 9 கிராம் உப்பு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் நம் கைமருந்துகள், எனக்கும் அவற்றில் மரியாதை உண்டு. ஆனால் தையல் போட்ட காயத்தில் எண்ணெயும் தூளும் அப்பினால் இறகு ஒட்டி, அழுக்குச் சேரும். இங்கே மிகப் பெரிய எதிரி இலையான். மாரிகாலத்து ஈரத்தில் காயத்தில் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். பெட்டியை நுளம்பு வலையால் மூடுங்கள், எச்சத்தை உடனுக்குடன் அள்ளுங்கள்.

அடுத்தது, அதிகம் பேர் மறக்கும் விடயம்: நல்ல கால். இனி முழு எடையும் அந்த ஒரு பாதத்தில். ஈரநிலத்தில் தோல் ஊறி வெடித்தால் ஸ்டஃபிலோகொக்கஸ் கிருமி நுழைந்து உள்ளங்கால் கட்டியாகிவிடும். வெட்டுக்காயம் ஆறிய கோழியும் இதில் விழுந்துபோகும். பத்திரிகைத் தாளை விரிக்காதீர்கள், வழுக்கும். காய்ந்த உமியோ காய்ந்த மணலோ நான்கு விரலளவு போடுங்கள். படுவான்கரை நெல் ஆலைகளில் உமிக்குப் பஞ்சமில்லை. துணியை வளையமாகச் சுருட்டி நடுவில் இருத்தினால் மார்பெலும்பு தேயாது. உள்ளங்காலில் கறுத்த காய்ப்பு தெரிகிறதா என்று இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

சமநிலை தானாக வரும், அவசரப்படுத்தவேண்டாம். பறவையின் இடுப்பு முள்ளந்தண்டுக்குள் திரவம் நிறைந்த சிறு வாய்க்கால்கள் இருக்கின்றன. உட்காதுக்கு அடுத்த இன்னொரு சமநிலைப் புலன் அது என்று ஜெர்மனிய ஆய்வாளர் ரைன்ஹோல்ட் நெக்கர் புறாக்களில் காட்டினார். அந்த இடத்தைக் கெடுத்தபோது அவற்றின் பறப்பு குலையவில்லை, நடைதான் தடுமாறியது. நடைக்கென்றே தனிப்புலன் வைத்திருக்கும் உயிர் புதிய நிலைக்குப் பழகுவதில் வியப்பில்லை. ஆனால் தடுமாறும்போது ஏந்திக்கொள்ள அதற்குச் சிறகு வேண்டும். பறக்காமலிருக்க இறக்கையை வெட்டும் வழக்கம் இந்தக் குஞ்சுக்குக் கூடவே கூடாது.

தண்ணீரும் தீனும் கழுத்தை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். குறுணல் மட்டும் போதாது, காயம் ஆறப் புரதம் வேண்டும். கறையான், அவித்த முட்டை, உப்பிடாத கூனி நல்லவை. கருவாட்டுத் துண்டின் உப்பைக் குஞ்சு தாங்காது. அந்தியில் கழுத்தடியில் தீன் தங்கும் பையைத் தடவிப் பாருங்கள். வெறுமையாக இருந்தால் அது நாள் முழுக்கத் தின்னவில்லை.

கூட்டத்தோடு சேர்ப்பதை எப்போது தொடங்குவது? கோழிகளின் கொத்து வரிசையை 1921இல் நோர்வேயின் தோர்லைஃப் ஷெல்டரப்-எப்பே விவரித்தார். அந்த வரிசையில் பலவீனமானது கடைசி. சிவந்த காயம் கண்டால் மற்றவை கொத்தியே கொன்றுவிடும். தையல் எடுக்கும் 10 முதல் 14 நாள்வரை தனியே வையுங்கள், ஆனால் கம்பிவலைக்கு அப்பால் மற்றவை கண்ணில் படவேண்டும். முற்றாகப் பிரித்தால் திரும்பும்போது அந்நியக் கோழியாகிவிடும். முதலில் சாதுவான ஒரு குஞ்சை மட்டும் அதனோடு விடுங்கள். உயரமான பரண் வேண்டாம், தாவி இறங்கும் அடி முழுதும் ஒரே பாதத்தில் விழும். பேடாக இருந்தால் முட்டையிடும், அதற்குத் தடையில்லை. சேவலின் பாரத்தை மட்டும் ஒற்றைக்காலால் தாங்கமுடியாது. ஆகவே சேவல் திரியும் முற்றத்தில் அதை விடாதீர்கள்.