பாபர் எண்ணிய பூக்களும் நாம் மூடிய ஹவுழும்

உயர்தர வகுப்பில் முகலாயர் வரலாற்றைத் தொடங்கும்போது, "பாபர் யார்?" என்று கேட்பேன். "1526, பானிபட் யுத்தம்" என்று உடனே பதில் வரும். காபூல் மலையடிவாரத்தில் பூத்த காட்டு டியூலிப் பூக்களை எண்ணி, 32 அல்லது 33 வகை என்று 'பாபர்நாமா'வில் எழுதிவைத்தவரும் அவர்தான் என்றால் பிள்ளைகள் வியப்பார்கள்.

1530இல் ஆக்ராவில் மரணித்த பாபரின் உடல் பின்னர் காபூலுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்குள்ள தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இன்று 'பாகே பாபர்' எனப்படும் அந்தப் பொதுப் பூங்கா ஏறக்குறைய 11 ஹெக்டேயர். மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் தளங்கள், நடுவே நீரோடை, ஷாஜஹான் கட்டிய வெண்பளிங்குப் பள்ளிவாசல்.

1990களின் உள்நாட்டு யுத்தத்தில் இத்தோட்டம் சிதைந்தது. மரங்கள் விறகாகின, சுவர்கள் இடிந்தன. 2000களில் ஆகா கான் கலாசார நிதியம் இதனை மீளமைத்தது.

நாம் கவனிக்க வேண்டியது அவர்கள் வேலை செய்த ஒழுங்கை. முதலில் வெடிபொருட்களை அகற்றினார்கள். அடுத்து மண்ணைத் தோண்டி, பழைய நீரோடையும் தளங்களும் இருந்த இடத்தை ஆராய்ந்தார்கள். சுற்றுமதிலைப் பழைய முறைப்படி மண்ணாலேயே எழுப்பினார்கள். மரங்களைத் தேர்ந்தபோதும் பாபரின் எழுத்தைப் பார்த்தார்கள். அவர் ரசித்த அர்கவான் அங்குள்ள மலைகளில் தானாக வளர்வது. வசந்தத்தில் இலை வருமுன்பே ஊதாச் சிவப்பாகப் பூப்பது. அந்த மண்ணுக்குரிய மரம் என்பதால் காபூலின் பனியையும் வரட்சியையும் தாங்கும். வரலாற்றுக்கும் அது பொருத்தம், பராமரிப்புக்கும் இலேசு.

இனி நம் பக்கம் வருவோம். எங்கள் ஊர்ப் பழைய பள்ளிவாசலைப் புதுப்பித்தபோது ஹவுழ் மூடப்பட்டது, முற்றத்து மரம் வெட்டப்பட்டது, இன்டர்லொக் கல் பதிக்கப்பட்டது. யாரும் ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை. நல்ல நிய்யத்தோடுதான் செய்தார்கள். ஆனால் இந்நாட்டில் நமக்கு நூற்றாண்டுகால வரலாறு உண்டு என்று மேடையில் பேசிவிட்டு, அதன் சான்றுகளை நாமே கொங்கிரீட்டில் புதைப்பது என்ன நியாயம்?

மரம் நடுவதை ஸதகாவாகக் கற்றுத் தந்த மார்க்கம் நம்முடையது. உங்கள் மஹல்லாவில் திருத்த வேலை தொடங்குகிறதா? முதலில் படம் எடுங்கள், அளவெடுங்கள், மூத்தவர்களிடம் கேட்டு எழுதுங்கள். நிற்கும் மரத்தை நிற்கவிட்டுத் திட்டம் வரையுங்கள். யுத்தத்தின் பின் காபூலில் முடிந்தது நமக்கு முடியாதா?