கே.ஆர். நாராயணன்: துணைவேந்தர் நாற்காலிக்குச் செல்லும் வழி

கே.ஆர். நாராயணனை நாட்டின் முதல் தலித் குடியரசுத் தலைவராக நாம் அறிவோம். அவர் 1979 ஜனவரி முதல் 1980 அக்டோபர் வரை தில்லி ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார் என்பது அதிகம் பேசப்படுவதில்லை. கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி அரசுக் கல்லூரிக்கு ரயிலேறும் மாணவர்கள் சேரும் சென்னைப் பல்கலைக்கழகமோ, 2023 ஆகஸ்டுக்குப் பின் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் துணைவேந்தர் இன்றியே நடத்தப்பட்டது. அப்பதவிக்கு யார், எவ்வழியாக வருகிறார்கள் என்பதை நாராயணனின் வாழ்விலிருந்து புரிந்துகொள்ள முடியும்.

உழவூரிலிருந்து தில்லி வரை

நாராயணன் 1920இல் கோட்டயம் அருகே உழவூரில், பரவன் சமூகத்தைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை நாட்டு வைத்தியர். நாராயணன் நாள்தோறும் பல கிலோமீட்டர் நடந்து பள்ளிக்குச் சென்றார். கட்டணம் செலுத்த இயலாத நாள்களில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாடம் கேட்டார். ஆஸ்துமாவால் வீட்டில் முடங்கியிருந்த அண்ணன், பிறரிடம் நூல்களை இரவல் வாங்கிக் கையால் படியெடுத்துத் தம்பிக்குக் கொடுத்தார்.

திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம் பெற்றும் அவருக்கு விரிவுரையாளர் பணி கிடைக்கவில்லை. எழுத்தர் வேலையே தரப்பட்டதாகவும், அதை ஏற்க மறுத்துப் பட்டமளிப்பு விழாவையும் அவர் புறக்கணித்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியோர் பதிவு செய்துள்ளனர். பத்திரிகையாளராகச் சிறிது காலம் பணியாற்றியபின், டாட்டா உதவித்தொகையுடன் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் ஹெரால்டு லாஸ்கியிடம் பயின்றார். லாஸ்கியின் கடிதத்துடன் நேருவைச் சந்தித்து, 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். தாய்லாந்து, துருக்கி, சீனா ஆகிய நாடுகளில் தூதராக இருந்து 1978இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரே துணைவேந்தர் பதவி வந்தது. தம் பொதுவாழ்வுக்கு அடித்தளம் அந்த அனுபவமே என்று அவர் பின்னாளில் குறிப்பிட்டார்.

சொந்த மண்ணின் பல்கலைக்கழகம் விரிவுரையாளராகக்கூட ஏற்காத ஒருவரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் நாட்டின் முதன்மையான பல்கலைக்கழகம் ஒன்று தலைமைப் பதவியில் அமர்த்தியது. அதற்கிடையே அவருக்கு லண்டன் பட்டமும் முப்பதாண்டு அரசுப் பணியும் தேவைப்பட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

துணைவேந்தர் பதவிக்கு இடஒதுக்கீடு இல்லை. ஒரே ஓர் இடம் மட்டுமே உள்ள பதவியில் இடஒதுக்கீடு வழங்கினால் அது நூறு விழுக்காடு ஒதுக்கீடாகிவிடும் என்று, சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆய்வு நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 1998இல் தீர்ப்பளித்தது. எனவே எல்லாம் தேடுதல் குழுவின் கையில் உள்ளது. குழு பரிந்துரைக்கும் பெயர்ப் பட்டியலிலிருந்து ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்.

2018ஆம் ஆண்டின் யுஜிசி விதிமுறைகளைப் படித்தால் ஒரு முரண் புலப்படும். ஆசிரியர் தேர்வுக் குழுக்களில், பட்டியலினத்தவர் விண்ணப்பித்திருந்தால் அப்பிரிவுகளின் சார்பாக ஒரு கல்வியாளர் இடம்பெற வேண்டும் என விதி உள்ளது. துணைவேந்தர் தேடுதல் குழுவுக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. உதவிப் பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது தேவைப்படும் பிரதிநிதித்துவம், பல்கலைக்கழகத்தின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும்போது தேவையற்றதாகிவிடுகிறது.

மேலும், பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவமோ, புகழ்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பில் அதற்கு இணையான அனுபவமோ வேண்டும் என்று அவ்விதிமுறைகள் கூறுகின்றன. பட்டியலினத்தவருக்கான ஆசிரியர் இடங்கள் நிரப்பப்படாமல் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும், இருபதாண்டுகளுக்குப் பின் துணைவேந்தர் பதவிக்குத் தகுதிபெற வேண்டிய ஒருவர் இல்லாமற்போகிறார். 2025 ஜனவரியில் வந்த யுஜிசி வரைவோ தொழில்துறை, பொது நிர்வாகம் ஆகியவற்றின் மூத்த அதிகாரிகளுக்கும் வழிவிட முனைந்தது. தனியார் துறையில் இடஒதுக்கீடே இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளராக நிற்பவர் யார், நிர்வாக அறையில் அமர்பவர் யார் என்று பார்த்தால், அந்த வழி யாருக்கானது என்பது விளங்கும்.

நியமிப்பவர் யார், நியமிக்கப்படுபவர் யார்?

தமிழ்நாட்டில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான சட்டப் போராட்டம், நியமிக்கும் அதிகாரம் யாருக்கு என்பதைச் சுற்றியே நடக்கிறது. நிறுத்திவைக்கப்பட்ட மசோதாக்கள் குறித்து 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்வழி வந்த துணைவேந்தர் நியமனச் சட்டத் திருத்தங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் மே மாதம் இடைக்காலத் தடை விதித்தது. மாநில உரிமைக்கான போராட்டம் நியாயமானது. ஆனால் அதிகாரம் மாநிலத்திடம் வந்தாலும், தேடுதல் குழுவில் யார் அமர்வார்கள் என்ற கேள்வி அப்படியே இருக்கும்.

இக்கேள்வியை உயர் பதவியில் இருந்துகொண்டே எழுப்பியவர் நாராயணன். உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நியமனத்தில் தகுதியுள்ள பட்டியல் சாதியினர், பழங்குடியினர் உள்ளிட்டோரைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று, குடியரசுத் தலைவராக அவர் கோப்பில் எழுதிய குறிப்பு 1999இல் பெரும் விவாதமானது. நீதிபதி நியமனத்திலும் இடஒதுக்கீடு இல்லை. 2000இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 2007இல் முதல் தலித் தலைமை நீதிபதியானார். இடஒதுக்கீடு இல்லாத இடத்திலும் பிரதிநிதித்துவத்தைக் கேட்கலாம், கேட்க வேண்டும் என்பதற்கு அக்குறிப்பு முன்னுதாரணம்.

மாணவர் அமைப்புகள் மூன்று கோரிக்கைகளை முன்வைக்கலாம். துணைவேந்தர் தேடுதல் குழுவில் பட்டியலினக் கல்வியாளர் ஒருவர் கட்டாயம் இடம்பெற வேண்டும். இறுதிப் பட்டியலில் உள்ள பெயர்களையும் தேர்வுக்கான காரணங்களையும் வெளியிட வேண்டும். பின்னடைவுக் காலிப் பணியிடங்களைக் காலக்கெடு விதித்து நிரப்ப வேண்டும். கடைசிக் கோரிக்கைக்கான சான்றைத் திரட்டும் வேலையை இன்றே தொடங்கலாம்: உங்கள் பல்கலைக்கழகத்தின் இடஒதுக்கீட்டுச் சுழற்சிப் பதிவேட்டின் நகலைத் துறைவாரியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். எத்தனை இடங்கள், எந்த ஆண்டு முதல் காலியாக உள்ளன என்ற கணக்கு கையில் இருந்தால்தான் நீதிமன்றத்திலும் வாதிட முடியும்.