ரேவா: கீசர் பிளக்கில் சார்ஜ் ஆன கார்

முன் இருக்கைகளுக்கு அடியில் குனிந்து பாருங்கள். 6 வோல்ட் ஈய-அமில பேட்டரிகள் 8. தொடராக இணைத்தால் 48 வோல்ட். பெங்களூரில் உருவாகி 2001இல் விற்பனைக்கு வந்த இந்த இரண்டு கதவு வண்டிக்குப் பெட்ரோல் டேங்க் கிடையாது, சைலன்சரும் கிடையாது.

வீட்டில் கீசருக்கு இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கே இதற்குப் போதும். அங்கிருந்து வருவது மாறுதிசை மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது நேர்திசை. வண்டிக்குள் இருக்கும் சார்ஜர் அதை மாற்றித் தரும். முதல் 80 சதவீதம் சுமார் இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். மீதி 20 சதவீதத்துக்கு அதைப்போல் இரண்டு பங்கு நேரம் ஆகும்! நிரம்ப நிரம்ப பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். இன்றைய லித்தியம் பேட்டரிக்கும் இதே குணம்தான்.

முழு சார்ஜில் ஏறக்குறைய 80 கி.மீ. ஓடும். பிரேக்கை மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். ஹைப்ரிட் காரும் இப்படித்தான் சேமிக்கிறது. கூடவே என்ஜினும் இருப்பதால், 1997இல் ஜப்பானில் வந்த டொயோட்டா பிரியஸுக்கு பிளக்கே தேவைப்படவில்லை.

லண்டனில் ரேவா ஜி-விஸ் என்ற பெயரில் ஓடியது. 2003இல் அந்நகர மையத்துக்குள் நுழையக் கட்டணம் வந்தபோது மின்சார வண்டிகளுக்கு விலக்கு கிடைத்தது. இங்கே வாங்கியவர்கள் சிலரே; பேட்டரிக்கு அவ்வப்போது டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அருமையாகப் பார்த்துக்கொண்டார்கள்.