திருட்டை எண்ணுவது எப்படி?

ஜாசின் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். பகல் நேரம். பின்கதவு திறந்தே கிடக்கிறது. யாரோ நேராக உள்ளே நடந்துபோய், அடுப்படியில் இருந்த கேஸ் தோம்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இது வீடுடைத்துத் திருடியதா, வெறும் திருட்டா?

வகுப்பில் கேட்டால், "வீட்டுக்குள்ள வந்துதானே சார் எடுத்தான்? வீடுடைப்புதான்!" என்று பாதிப் பேர் கத்துவார்கள். நம் நாட்டுக் குற்றவியல் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வீடுடைப்பு எந்தெந்த வழியில் நிகழும் என்று 445ஆம் பிரிவு ஆறு வழிகளைக் குறிப்பிடுகிறது. சுவரில் துளையிட்டு நுழைவது, சன்னல் வழியே ஏறுவது, பூட்டைத் திறப்பது ஆகியவை அவற்றுள் சில. நீங்கள் தொலைத்த சாவியை ஒருவன் கண்டெடுத்து, அதைக்கொண்டே உங்கள் கதவைத் திறந்து புகுந்தாலும் அது வீடுடைப்புதான். ஆனால், திறந்து கிடந்த கதவு வழியாக ஒளியாமல் மறையாமல் நடந்துபோனால், அது 380ஆம் பிரிவில் வரும் 'வீட்டில் திருடுதல்'.

அதே தோம்பு இங்கிலாந்தில் திருடு போயிருந்தால்? அங்கே 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டப்படி, திருடும் நோக்கத்தோடு அனுமதியின்றி ஒரு கட்டடத்துக்குள் நுழைந்தாலே போதும். கதவு திறந்திருந்ததா என்று கேட்பதில்லை. அமெரிக்காவின் எஃப்பிஐ, பூட்டை உடைக்க முயன்று தோற்றவனையும் சேர்த்தே எண்ணுகிறது. ஒரே தோம்பு, நாட்டுக்கு நாடு வெவ்வேறு கட்டத்தில் விழுகிறது! ஒரே நாட்டுக்குள்ளும் இப்படி நடக்கும். தோட்டக் கொட்டகையிலும் கார் கொட்டகையிலும் நடக்கும் திருட்டுகளை, 2017 ஏப்ரல் முதல் இங்கிலாந்துக் காவல்துறை குடியிருப்புத் திருட்டோடு சேர்த்து எண்ணத் தொடங்கியது. அதற்கு முந்திய ஆண்டுகளோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம்.

கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு நாடுகளை ஒப்பிடும்போது எண்ணும் முறைதான் நாம் கட்டுப்படுத்த வேண்டிய மாறி. அது மாறினால் பரிசோதனையே கெட்டது.

மக்கள்தொகையையும் மறக்கக்கூடாது. மலாக்காவில் ஏறத்தாழ 10 லட்சம் பேர் வாழ்கிறோம். சிலாங்கூரில் ஏறத்தாழ 70 லட்சம் பேர். கணக்குக்காக மட்டும், மலாக்காவில் 500 வீடுடைப்பு, சிலாங்கூரில் 2,100 என்று கற்பனை செய்யுங்கள். ஒரு லட்சம் பேருக்கு மலாக்காவில் 50, சிலாங்கூரில் 30. எண்ணிக்கையில் சிறியது, வீதத்தில் பெரியதாகிவிட்டது.

வீதம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? தமிழ்நாட்டைப் பாருங்கள். இந்தியாவின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, அங்கே 2019இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் கீழ்ப் பதிவான வழக்குகள் சுமார் 1 லட்சத்து 68 ஆயிரம். 2020இல் சுமார் 8 லட்சத்து 91 ஆயிரம்! ஐந்து மடங்குக்கும் மேல். தமிழ்நாட்டு மக்கள் ஒரே ஆண்டில் கெட்டுப்போனார்களா? இல்லை. அது கோவிட் ஊரடங்கு ஆண்டு. அரசு ஆணையை மீறி வெளியே வந்தவர்கள் மீது 188ஆம் பிரிவில் வழக்குகள் குவிந்தன. இந்தியா முழுவதும் அந்த ஒரு பிரிவில் மட்டும் 29,469ஆக இருந்த எண்ணிக்கை 6,12,179 ஆனது. அதே ஆண்டு இந்தியாவில் திருட்டு வழக்குகள் குறைந்தன.

இனி, புகாரே போகாத திருட்டு. காவல் நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகும் என்றால், ஒரு தோம்புக்காக எத்தனை பேர் போவார்கள்? போகாவிட்டால் அந்தத் திருட்டு ஏட்டில் இல்லை. புகார் எண்ணிக்கையைப் பார்த்து ரோந்து வண்டியை அனுப்பினால், அது அந்தத் தோட்டத்துப் பக்கம் வரவும் காரணம் இருக்காது. இது எனக்கு மிகவும் உறுத்துகிற விஷயம். காவல்துறையை மக்கள் நம்பி எளிதாகப் புகார் கொடுக்கும் நாட்டில் எண்ணிக்கை கூடுவதும், புகாருக்குப் பயப்படும் நாட்டில் குறைவதும் இதனால்தான்.

இதைச் சமாளிக்க இங்கிலாந்தும் வேல்ஸும் 1982 முதல் வேறொரு வழியையும் வைத்திருக்கின்றன. வீடு வீடாகப் போய், "கடந்த 12 மாதங்களில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார்கள். புகார் கொடுத்தீர்களா என்பது அடுத்த கேள்வி. பல நாடுகளில் ஒரே கேள்விகளைக் கேட்கும் ஆய்வு 1989இல் தொடங்கியது. கார் திருட்டை ஒப்பிடுவது சற்று எளிது. காப்புறுதிப் பணம் வாங்கப் புகார் நகல் தேவை என்பதால் பெரும்பாலோர் புகார் செய்கிறார்கள். கைப்பேசியில் சுற்றும் 'ஆபத்தான நாடுகள்' பட்டியல்களில் சில, காவல்துறைக் கணக்கே அல்ல. இணையத்தளத்துக்கு வந்தவர்களின் அபிப்பிராயம்!

விடுமுறையில் நீங்களும் செய்து பாருங்கள். பெற்றோரின் அனுமதியோடு, உங்கள் தாமானில் தெரிந்த பத்து வீடுகளில் இரண்டே கேள்விகள்: இந்த ஆண்டு வீட்டிலிருந்து ஏதாவது திருடு போனதா? போனதென்றால் புகார் கொடுத்தீர்களா? பெயர் எழுத வேண்டாம். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.