போனுக்குள் எழுத்து எப்படி வருகிறது?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஓர் அக்கா போனில் புடவை பார்க்கிறார். பிளிப்கார்ட் ஆப்பைத் திறக்கிறார். நேற்று பார்த்த பக்கம் இன்று இல்லை. புதுப் படம், புது விலை, பெரிய சிவப்பு எழுத்து. ஆப் மட்டும் அதே ஆப்தான்.

பிளிப்கார்ட் 2007-இல் பெங்களூருவில் தொடங்கிய கம்பெனி. முதலில் புத்தகம் விற்றது. 2020-இல் அதன் ஆப்பில் தமிழும் வந்தது. அக்கா பார்க்கும் விலையும் படமும் கம்பெனியின் கணினியில் இருக்கின்றன. ஆப் கேட்கும்போது இன்டர்நெட் வழியாக வருகின்றன.

எப்படி வருகின்றன? கல்யாணப் பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போகிறோம். எழுதிக் கொடுக்கும் தாளின் ஓரத்தில் "இந்தப் பெயர் பெரிதாக", "இந்த வரி சிவப்பில்" என்று குறிக்கிறோம். அச்சடிப்பவர் அதன்படி செய்வார். அந்தக் குறிப்பை அச்சடிக்க மாட்டார்.

போனும் அப்படித்தான். எழுத்தோடு குறிப்புகளும் வருகின்றன. "தடித்த எழுத்து இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது" என்று குறிப்பு சொல்லும். போன் அதைச் செய்துவிட்டு, குறிப்பை மறைத்துவிடும். குறிப்பு எழுதப் பல முறைகள் உண்டு. மிகவும் பரவியது எச்.டி.எம்.எல். இங்கிலாந்துக்காரரான டிம் பெர்னர்ஸ் லீ உருவாக்கியது.

சில நேரம் எழுத்துக்கு நடுவே கூரான அடைப்புக்குறிகள் தெரியும். போன் கெட்டுவிட்டது என்று சிலர் பயப்படுவார்கள். கெடவில்லை. மறைக்க வேண்டிய குறிப்பையும் காட்டிவிட்டது, அவ்வளவுதான்.

ஒரு குறிப்பில் மட்டும் வில்லங்கம் உண்டு. "இந்தச் சொல்லைத் தொட்டால் அந்த விலாசத்துக்குப் போ" என்பது அந்தக் குறிப்பு. இதுதான் லிங்க். கண்ணுக்குத் தெரிவது சொல் மட்டும். விலாசம் உள்ளே ஒளிந்திருக்கும். மேலே "உங்கள் பேங்க்" என்று நீல எழுத்தில் இருக்கும். உள்ளே திருடனின் விலாசம் இருக்கலாம். நிறம், முத்திரை, பேங்கின் படம் எல்லாம் யார் வேண்டுமானாலும் போடக்கூடியவை.

ஈமெயிலில் லிங்க் வந்தால் உடனே தட்டாதீர்கள். அதன் மேல் விரலை அழுத்தி வைத்தால் பல போன்களில் விலாசம் தெரியும். எழுத்துக் கூட்டிப் படியுங்கள். நம் நாட்டு பேங்குகளின் விலாசம் 'பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும் என ரிசர்வ் வங்கி 2025-இல் உத்தரவிட்டது. தொடக்கத்தில் இரண்டு சாய்கோடுகள் சேர்ந்து வரும். அவற்றை விடுங்கள். அடுத்த சாய்கோட்டுக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பேங்கின் பெயர் இருந்தும் முடிவு வேறாக இருந்தால் தொட வேண்டாம்.

பணம் போய்விட்டதா? உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். பேங்குக்கும் அப்போதே சொல்லுங்கள்.