மழையில் நிற்கும் கோதுமை

இங்கிலாந்தில் ஆகஸ்ட் என்றால் கோதுமை அறுவடை. லிங்கன்ஷயரிலிருந்து எசெக்ஸ் வரை கிழக்கு மாவட்டங்களில், முந்தைய செப்டம்பர், அக்டோபரில் விதைத்த பயிர் பத்து மாதம் வயலில் நின்று, கடைசியில் சில வார வெயிலுக்காகக் காத்திருக்கும். அந்த வெயில் வராத ஆண்டுகளும் உண்டு. 2008 ஆகஸ்ட் அப்படிப்பட்டது. விளைச்சல் மட்டும் பார்த்தால் அந்த ஆண்டு அமோகம்: ஹெக்டேருக்குச் சராசரி 8 டன்னுக்கு மேல். ரொட்டிக்கு லாயக்கான தானியம் அதில் எவ்வளவு என்பது வேறு கணக்கு. 2012 கோடையிலோ விளைச்சலே 6.7 டன்னுக்கு இறங்கிவிட்டது.

முற்றிய கோதுமை மணி கொஞ்ச காலம் உறங்கும். உறக்கம் கலைந்தபின் நனைந்தால், கதிரில் இருந்தபடியே முளைக்க ஆயத்தமாகிவிடும். முளைக்கருவிலிருந்து கிளம்பும் ஜிப்பரலின் ஹார்மோன் தூண்டிவிட, தோலுக்கு அடியிலுள்ள அடுக்கு ஆல்பா அமைலேஸ் என்ற நொதியைச் சுரக்கிறது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பது அதன் வேலை. முளை கண்ணுக்குத் தெரியும் முன்பே இது தொடங்கிவிடும் என்பதுதான் சிக்கல். அந்த மாவில் சுட்ட ரொட்டியின் உள்பகுதி பிசுபிசுக்கும். துண்டு போடும் இயந்திரத்தின் கத்தியில் அப்பிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க ஆலைகள் நம்பியிருப்பது, ஸ்வீடன் நாட்டு ஸ்வென் ஹாக்பெர்க் 1960 வாக்கில் வகுத்த எளிய சோதனை. 7 கிராம் மாவு, 25 மில்லி தண்ணீர், ஒரு கண்ணாடிக் குழாய். கொதிநீரில் வைத்து 60 விநாடி கலக்கிவிட்டுக் கலக்கும் கோலை விட்டுவிடுவார்கள். கூழ் கெட்டியாக இருந்தால் கோல் மெதுவாக இறங்கும். நொதி கூழை நீர்க்கச் செய்திருந்தால் சரேலென்று விழும். கலக்கிய நேரத்தையும் சேர்த்து 250 விநாடியாவது ஆகவேண்டும் என்பது ரொட்டிக் கோதுமைக்கு ஆலைகள் வழக்கமாக வைக்கும் நிபந்தனை. அதற்குக் கீழே போனால் பெரும்பாலும் கோழிக்கும் பன்றிக்கும் தீவனம். இந்த விநாடிக் கணக்குதான் ஹாக்பெர்க் எண். ஒருமுறை விழுந்த எண் பிறகு எத்தனை நாள் வெயிலடித்தாலும் ஏறாது.

ஆகவே காய்ந்தபின் அறுப்பதா, ஈரத்தோடு அறுத்து உலர்த்துவதா என்பதே முதல் கேள்வி. விற்பனைக்கு 15 சதவீத ஈரப்பதம்தான் எல்லை. நம் ஊர்க் கொள்முதல் நிலையங்களில் நெல்லின் 17 சதவீத ஈரப்பதத்துக்காக நடக்கும் அதே மல்லுக்கட்டு அங்கேயும் உண்டு. 20 சதவீத ஈரத்தில் அறுத்த ஒரு டன்னை 15-க்குக் கொண்டுவர, ஏறக்குறைய 59 கிலோ தண்ணீரை எரிபொருள் செலவழித்து விரட்ட வேண்டும். கையைக் கடிக்கும் செலவுதான். ஆனாலும் ரொட்டிக் கோதுமை என்றால் செலவழித்து முதலில் அறுத்துவிடுவதே புத்திசாலித்தனம் என்பேன். தீவனக் கோதுமை காத்திருக்கலாம். அதற்கு ஹாக்பெர்க் எண் யாரும் கேட்பதில்லை. அடுத்த பருவத்துக்கு விதை எடுத்துவைப்பவர்களும் முந்திக்கொள்ள வேண்டும்: கதிரிலேயே முளைக்கத் தொடங்கிய மணி, பிறகு மண்ணில் நம்பகமாக முளைக்காது. எடுத்துவைத்த விதையை முளைப்புத் திறன் பார்க்காமல் விதைப்பது சூதாட்டம்.

இதற்குள் செப்டம்பர் பிறந்துவிடும். அறுவடை தள்ளிப்போன பதற்றத்தில், விதைப்பையாவது சீக்கிரம் முடித்துவிடலாம் என்று கை துறுதுறுக்கும். இந்த அவசரம்தான் ஆபத்து. முதல் காரணம், மண். தொட்டி நிரம்பிய பெரிய அறுவடை இயந்திரம் 20 டன்னைத் தாண்டும். ஈரக் களிமண்ணில் அதன் தடமும் டிரெய்லர்களின் தடமும் அடிமண் வரை இறுகிக் கிடக்கும். பதம் வராத மண்ணில் மறுபடி டிராக்டரை இறக்கினால் இறுக்கம் கூடுமே தவிர குறையாது. எல்லா வயலையும் ஆழ உழவும் தேவையில்லை. மண்வெட்டியால் நாலு இடத்தில் தோண்டிப் பார்த்து, இறுகிய இடத்தை மட்டும், அதுவும் காய்ந்தபின் தளர்த்தினால் போதும்.

இரண்டாவது காரணம், பிளாக்-கிராஸ் என்ற களைப்புல். பல களைக்கொல்லிகளுக்கு அடங்காமல் போய்விட்ட இந்தப் புல், கோதுமையை அறுக்கும் முன்பே தன் விதைகளை உதிர்த்துவிடும். அவற்றில் பெரும்பகுதி இலையுதிர்காலத்தில் முளைக்கும். முளைக்கவிட்டுக் கொன்றுவிட்டு, அக்டோபர் நடுவுக்குப் பின் கோதுமை விதைப்பது அங்கே பழகிப்போன உத்தி. குளிர்ந்த, ஈரமான கோடையில் முற்றிய களை விதைக்கு உறக்கம் அதிகம். வழக்கத்தைவிடத் தாமதமாகவே முளைக்கும். அதாவது விவசாயியை அவசரப்படுத்தும் அதே மழை, களையை நிதானப்படுத்துகிறது. முந்தி விதைத்தால் களையும் பயிரும் ஒன்றாகத்தான் எழும். முந்திய விதைப்பில் அசுவினியும் அது பரப்பும் வைரஸ் நோயும் வேறு கூடும்.

அப்படியானால் எல்லாரும் காத்திருக்கலாமா? 2019-இல் பலர் காத்திருந்தார்கள். செப்டம்பர் இறுதியில் பிடித்த மழை குளிர்காலம் முழுக்க விடவில்லை. கனமான களிமண் நிலங்களில் விதைக்கருவி இறங்கவே முடியவில்லை. 2019-இல் 1.6 கோடி டன்னாக இருந்த பிரிட்டனின் கோதுமை விளைச்சல், 2020-இல் ஒரு கோடி டன்னுக்கும் கீழே போனது. அந்த வசந்தகாலத்தின் வறட்சிக்கும் இதில் பங்குண்டு.

எனவே முழுப் பண்ணைக்கும் ஒரே தேதி குறிப்பதில் அர்த்தமில்லை. களை குறைந்த கனமான நிலம் முதலில், மண் பதமாக இருக்கும்போதே. களை மண்டிய வயல் கடைசியில். அக்டோபர் முடிவில் விதைப்பவர் விதையைக் கூட்ட வேண்டும்: செப்டம்பரில் சதுர மீட்டருக்கு 300 விதை போதுமென்றால் அப்போது 400 வரை தேவைப்படலாம். ஆயிரம் மணி 50 கிராம் எடை என்றால் அது ஹெக்டேருக்கு 200 கிலோ. ஈர ஆண்டில் நத்தைகளுக்கும் ஒரு பங்கு போகும். நவம்பரிலும் பதம் வராத வயலை விட்டுவிடுவதே மேல். வசந்தத்தில் பார்லி விதைக்கலாம். 2020-இல் பிரிட்டனில் நடந்ததும் அதுதான்: வசந்தகாலப் பார்லியின் பரப்பு ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியளவு கூடி, 10 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது.