உங்களுக்குத் தெரியுமா? கூரையே துணிதான்!

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், சுமார் 64,000 பேர் உட்காரும் ஃபுட்பால் ஸ்டேடியத்துக்கு ஒரு காலத்தில் துணியில்தான் கூரை இருந்தது. தாங்க ஒரு தூண்கூட இருக்கவில்லை. உள்ளே ஊதிய காற்றே அதைத் தூக்கிப் பிடித்தது!

• 1982-இல் திறந்த மெட்ரோடோம் அது. (ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்களே, அது.)

• கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி. பாவு, ஊடை எல்லாம் உண்டு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் ஓரத்தைப் பிரித்துப் பார்த்தால், "அட, நம்ம சங்கதி!" என்பார்.

• காற்று இறங்கிவிடக் கூடாதென்று சுழல்கதவுகள். சாதாரணக் கதவைத் திறந்தாலோ, காற்று முதுகில் கைவைத்து வெளியே தள்ளும்.

• 2010 டிசம்பர் 12, விடியற்காலை. பனியின் பாரம் தாங்காமல் கூரை கிழிந்து, ஆடுகளத்தில் பனி கொட்டியது. ஆளில்லாத நேரம், காயமில்லை. அங்கே நடக்கவிருந்த மேட்ச் டெட்ராய்ட் நகருக்குப் போனது.

• சென்னை சேப்பாக்கம் ஸ்டேடியத்தில் 2011 கிரிக்கெட் உலகக் கோப்பைக்காக எழுந்த ஸ்டாண்டுகளுக்கும் டெஃப்லான் வகைக் கூரைதான். அங்கே இழுத்துப் பிடிப்பவை எஃகு வடங்கள். ஸ்டாண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளி? கடற்காற்று வர!